மூச்சை எண்ணும் ஒரு நிமிஷம்

குழந்தையின் நெஞ்சுக்குள் நோய் இறங்கிவிட்டதா என்று அறிவதற்கு நவீன வைத்திய சாஸ்திரம் கைக்கொண்டிருக்கும் சாதனங்களுள் மிக மலிவானது எது என்று யாரேனும் கேட்டால், நொடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம் என்றே பதில் சொல்ல வேண்டும். தாயின் மடியில் அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தையின் சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிவிட்டு, விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் கண்ணைப் பதித்து, முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் வரையில் அந்த இடம் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் பரீட்சை முடிந்துவிடுகிறது. மின்சாரம் வேண்டாம், ஊசி வேண்டாம், குழந்தையைத் தொடவும் வேண்டாம். இவ்வளவு சாதாரணமான காரியத்தை நம்பலாம் என்று தைரியமாகச் சொல்வதற்கு உலகத்தின் பல மூலைகளிலும் இருந்த வைத்தியர்கள் பல்லாண்டு பாடுபட வேண்டியிருந்தது என்பதும், அந்தப் பாட்டில் நம்முடைய வேலூருக்கு ஒரு பங்கு உண்டு என்பதும், அப்படிக் கிடைத்த அந்த ஒரு நிமிஷத்தைக் குழந்தைக்காகச் செலவிட நம் வைத்தியசாலைகள் பலவற்றில் இன்று அவகாசம் இல்லை என்பதும் ஒருசேர வைத்துச் சிந்திக்க வேண்டிய விஷயங்கள்.

பழைய தலைமுறை கபவாத ஜுரம் என்று சொல்லி அஞ்சிய நிமோனியா, இன்றும் குழந்தைகளைக் கொண்டுபோகும் நோய்களில் முன்வரிசையில்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயது நிறையாத 7,40,180 குழந்தைகள் அதற்குப் பலியானார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த வயதில் நேர்ந்த மரணங்கள் அனைத்திலும் அது 14 சதவீதம். அதைக் குணப்படுத்தும் மருந்து அகப்படாததா என்றால், இல்லை; சில ரூபாய்க்குக் கிடைப்பது. அப்படியிருந்தும் இத்தனை உயிர்கள் போவதற்குக் காரணம், சளி பிடித்த நூறு குழந்தைகளில் மருந்து வேண்டிய அந்தச் சிலர் யார் என்று உரிய நேரத்தில் உரிய இடத்தில் பிரித்தறிய முடியாமற் போவதே.

பிரித்தறிவது ஏன் கஷ்டம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். பெரியவர்களைப் போலக் கோழையைக் காறித் துப்பிக் கொடுக்கச் சிறு குழந்தைக்குத் தெரியாது. ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கலாமென்றால், நிமோனியா உள்ள குழந்தைகளிலும் மிகச் சிலருடைய ரத்தத்தில்தான் கிருமி அகப்படுகிறது. நுரையீரலுக்குள்ளேயே ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்ப்பது உண்மையைச் சொல்லும் வழியானாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யத்தக்கதன்று. எக்ஸ்ரே படம் இருக்கிறதே என்றால், ஒரே படத்தைப் பார்த்த இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகப் படிப்பது அவ்வளவு சகஜமாக இருந்தமையால், தடுப்பூசி ஆராய்ச்சிகளுக்காகப் படம் படிக்கும் முறையையே ஒழுங்குபடுத்தி உலக சுகாதார நிறுவனம் 2001இல் வழிகாட்டி வெளியிட வேண்டியதாயிற்று. ஸ்டெதஸ்கோப்பின் கதியும் ஏறக்குறைய அதுவே. வீறிட்டு அழும் குழந்தையின் முதுகில் குழாயை வைத்து, உள்ளே கேட்கும் சன்னமான நொறுநொறுப்பைப் பிடிக்கத் தேர்ந்த காது வேண்டும். தேர்ந்த காதுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அந்தக் காதுகள் இருக்கும் இடமோ பட்டணம்; குழந்தை சாவது கிராமத்தில்.

இந்த முடிச்சை அவிழ்த்த இடம் பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் உள்ள கொரோக்கா என்ற சிற்றூர். வைத்தியர் அருமையாகவும் நிமோனியா தாராளமாகவும் இருந்த அந்தப் பிரதேசத்தில் பணிபுரிந்த ஃபிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை வைத்தியர், தம் காதையும் படத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சுகாதார ஊழியர் கண்ணால் காணக்கூடியது எது என்று கேட்டார். இருமலோடு வந்த குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்து, நிமிஷத்துக்கு 50 மூச்சுக்கு மேல் போகும் குழந்தைகளின் நெஞ்சில்தான் பெரும்பாலும் அந்த நொறுநொறுப்புக் கேட்கிறது என்றும், நோய் முற்றிய குழந்தைகளுக்கு மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உள்வாங்குகிறது என்றும் கண்டு, மூச்சு வேகம் மருந்து கொடுப்பதற்கு அடையாளம், நெஞ்சு உள்வாங்குதல் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு அடையாளம் என்று அவரும் சகாக்களும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டதுதான் அவர்களுடைய பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். நோயைப் பற்றி முழுமையாக அறிவது எப்படி என்று அதுவரை கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. குழந்தைக்கு மிக அருகில் இருப்பவர் எதை அறிந்தால் போதும் என்று அவர்கள் கேட்டார்கள்.

ஆனால் மலைநாட்டில் உண்மையானது சமவெளியிலும் உண்மையாகுமா என்ற சந்தேகம் நியாயமானதே. உயரமான இடத்தில் காற்று மெலிது. அங்கே மூச்சின் போக்கும் வேறாக இருக்கலாம் அல்லவா? அதற்கு விடை தந்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான், எரிக் சிமோயஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப் ஆகியோர். நோய் நுரையீரல் வரை இறங்கிய குழந்தைகளையும், மூக்கு தொண்டையோடு நின்றுவிட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு 50க்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு 40க்கு மேலும் மூச்சு ஓடுமானால் அது நம்பத்தக்க அடையாளம் என்று அவர்கள் 1988இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். குழந்தை வளர வளர அதன் இயல்பான மூச்சின் வேகம் குறைகிறது. ஆகவே எல்லா வயதுக்கும் ஒரே எண்ணை வைத்தால் மூன்று வயதுக் குழந்தையின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். பச்சைக் குழந்தையின் மூச்சோ இயல்பாகவே வேகமானது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து வகுத்த விதியே இன்று உலகமெங்கும் சுகாதார ஊழியர்கள் படிக்கும் பாடம்: பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு.

இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள உடல் தத்துவம் எளிதானது. நோய் கண்ட நுரையீரல் நீர் கோத்த பஞ்சைப் போல விறைத்துப்போகிறது. அதை முழுமையாக விரிக்கப் பெரும் பலம் வேண்டியிருப்பதால், ஆழமான மூச்சுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மூச்சுகளை விரைவாக விட்டுக் குழந்தை சமாளிக்கப் பார்க்கிறது. விறைப்பு மேலும் கூடும்போது, அதன் இளம் விலா எலும்புகள் இன்னும் கெட்டிப்படாதவையாதலால், காற்றை இழுக்கும் முயற்சியில் நெஞ்சின் அடிப்பாகமே பள்ளமாகிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டியிருக்க, இங்கே அது குழிகிறது. எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அழும் குழந்தையின் மூச்சை எண்ணக் கூடாது. பால் குடிக்கும்போதும் கூடாது. கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழையில் முடியும். ஏனெனில் சிசுவின் மூச்சு தாளம் தப்பாத மூச்சு அன்று. சிறிது ஓடும், சிறிது நிற்கும், மறுபடி ஓடும். ஆகையால்தான் முழு நிமிஷம். பச்சைக் குழந்தைக்கு எண்ணிக்கை அதிகமாக வந்தால் இரண்டாவது முறையும் ஒரு முழு நிமிஷம்.

எண்ணத் தெரியாதவர் என்ன செய்வது? இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலியில் தொண்டாற்றிய அபய் பங், ராணி பங் தம்பதியர். அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தடுமாறுபவர்கள். அவர்களுக்காக ஒரு சிறு சட்டத்தில் கம்பி கட்டி, மணிகள் கோத்து, பக்கத்தில் ஒரு நிமிஷத்து மணற்கடிகாரத்தைப் பொருத்தினார்கள். மணல் விழத் தொடங்கியதும் குழந்தையின் மூச்சைப் பத்து வரை எண்ணி ஒரு மணியைத் தள்ள வேண்டும். மறுபடி பத்து, மறுபடி ஒரு மணி. மணல் தீர்வதற்கு முன் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் அது நிமோனியா. கணக்கென்றால் ஒதுங்கிப் போகிற ஒரு கிழவி, மண் தரையில் குந்தி, ஒரு கண் குழந்தையின் வயிற்றிலும் விரல் மணியிலுமாக, பட்டணத்து நிபுணர் செய்யும் நிர்ணயத்தைச் செய்துவிட்டு எழுந்தாள். கருவி செய்கிறவன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்வதற்குப் பதிலாக, அதை ஏந்தப்போகும் கையை முதலில் பார்த்துவிட்டுச் செய்த கருவி என்று இதைச் சொல்லலாம்.

பயன் இருந்ததா என்றால், கணக்கு பேசுகிறது. பயிற்சி பெற்ற ஊழியர்களும் மருத்துவச்சிகளும் வேக மூச்சைக் கண்டு கோட்ரைமாக்ஸசோல் என்ற சாதாரண மருந்தைக் கொடுத்த 58 கிராமங்களையும், அந்த ஏற்பாடு இல்லாத 44 கிராமங்களையும் ஒப்பிட்டு 1990இல் லான்செட்டில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, நிமோனியாவால் நேர்ந்த சிசு, பாலர் மரணம் முந்தைய கிராமங்களில் ஆயிரத்துக்கு 8.1, பிந்தையவற்றில் 17.5. பிற்காலத்தில் இத்தகைய கிராமப் பரீட்சைகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்த சுனில் சஸாவல், ராபர்ட் பிளாக் ஆகிய இருவரும் 2003இல் வந்த முடிவு, இந்த முறையால் ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியா மரணம் 36 சதவீதம் குறைகிறது என்பது. ஆஸ்பத்திரி ஒன்றைக் கூடக் கட்டாமல், எண்ணுவதாலும் சில மாத்திரைகளாலும் இத்தனை உயிர்கள் மிஞ்சின.

நிர்ணயம் எளிதான பிறகு சிகிச்சையையும் எளிதாக்க முடியுமா என்று ஆராய்ச்சி திரும்பியது. ஊசியே வலிமை, வாய்வழி மருந்து ஒப்புக்குச் சப்பாணி என்பது ஜனங்களின் நம்பிக்கை மட்டுமன்று. வைத்தியர்களின் நம்பிக்கையும் அதுவாகவே இருந்தது. நெஞ்சு உள்வாங்கிய 1,702 குழந்தைகளை எட்டு தேசங்களில் சேர்த்து, பாதிப் பேருக்குப் பெனிசிலின் ஊசியும் பாதிப் பேருக்கு வாய்வழி அமாக்ஸிசிலினும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2004இல் வெளிவந்தபோது, சிகிச்சை தோற்றவர்கள் இரு தரப்பிலும் சரியாக 19 சதவீதம். அதற்கடுத்து பாகிஸ்தானில் 2,037 குழந்தைகளை வைத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போடுவதையும் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதையும் ஒப்பிட்டார்கள். 2008இல் வந்த முடிவில், தோல்வி ஆஸ்பத்திரியில் 8.6 சதவீதம், வீட்டில் 7.5 சதவீதம். நம் தேசத்திலேயே 2,188 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியோ, கடுமையில்லாத நிமோனியாவுக்கு ஐந்து நாள் மருந்தும் மூன்று நாள் மருந்தும் ஒன்றே என்று 2004இல் காட்டியது. இவற்றின் பலனாக 2014இல் உலக சுகாதார நிறுவனம் தன் பழைய விதியைத் திருத்தி, அபாயக்குறி வேறு ஒன்றும் இல்லாமல் நெஞ்சு மட்டும் உள்வாங்கும் குழந்தைக்கு வீட்டிலேயே அமாக்ஸிசிலின் கொடுக்கலாம் என்றது. கூலிவேலையை விட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்து, வெளியூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டிய ஒரு தாய்க்கு அந்தத் திருத்தத்தின் அருமை தெரியும்.

எளிய விதியின் பலத்தை இவ்வளவு சொன்ன பிறகு அதன் பலவீனத்தையும் சொல்லாவிடில் நேர்மையாகாது. வேக மூச்சு என்ற வலையில் நிமோனியா மட்டுமன்றி, வேறு பல மீன்களும் விழுகின்றன. வங்கதேசம், காம்பியா, கென்யா, மாலி, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, ஜாம்பியா ஆகிய ஏழு தேசங்களில் கடுமையான நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்த பெரிய முயற்சி ஒன்று 2019இல் தந்த மதிப்பீட்டின்படி, 61 சதவீதத்துக்கு வைரஸே காரணம். பாக்டீரியா 27 சதவீதம்தான். வைரஸ் மேல் ஆன்டிபயாட்டிக் செல்லாது. அப்படியானால் வேக மூச்சு மட்டும் உள்ள குழந்தைக்கு மருந்தே கொடுக்காமல் பார்க்கலாமா என்ற துணிச்சலான கேள்வியை மலாவியிலும் கராச்சியிலும் பரீட்சித்தார்கள். வெற்று மருந்து தரப்பட்டவர்களில் மலாவியில் 7.0 சதவீதத்தினரும் கராச்சியில் 4.9 சதவீதத்தினரும் தேறவில்லை. அமாக்ஸிசிலின் தரப்பட்டவர்களில் அது முறையே 4.0, 2.6. இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நூற்றில் தொண்ணூற்று மூன்று பேருக்குக் குறையாமல் மருந்தின்றியே தேறினார்கள் என்பது ஒன்று. மருந்து கொடுக்காவிட்டால் தோல்வி ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது மற்றொன்று. வைத்தியர் எட்டாத ஊரில் மருந்து கொடுப்பதே விவேகம் என்றும், தினந்தோறும் குழந்தையைத் திரும்பப் பார்க்க வசதியுள்ள பட்டணத்தில் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமுண்டு என்றும் நான் இதைப் படிக்கிறேன்.

குழந்தைகளிடம் இப்படியெல்லாம் பரீட்சை செய்வது தர்மமா என்று கேட்பவர்கள் உண்டு; அவர்களுடைய அச்சத்துக்குச் சரித்திர ஆதாரமும் உண்டு. சிசுக்களின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு எதிராக 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசியைப் பரீட்சித்தபோது, அது நோயைத் தடுப்பதற்குப் பதில், பின்னர் வைரஸ் தாக்கியபோது நோயை மேலும் கடுமையாக்கி, இரண்டு குழந்தைகளின் உயிரையும் கொண்டுபோயிற்று. அந்த அடியின் வலியால் அத்துறை பல்லாண்டு தயங்கி நின்று, அந்த வைரஸின் புரதம் உயிரணுவோடு இணைவதற்கு முன் எந்த உருவத்தில் இருக்கிறது என்று 2013இல் கண்டறிந்த பிறகே மீண்டும் நிமிர்ந்து, 2023இல் சிசுக்களைக் காக்கும் நீண்டகால எதிர்ப்புரத ஊசியையும் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியையும் அமெரிக்காவில் அங்கீகாரம் வரை கொண்டுவந்தது. பரீட்சிக்காமல் நம்பிக்கையின் பேரில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கண்காணிப்போடு நடக்கும் ஆராய்ச்சி அவநம்பிக்கைக்குரியது அன்று என்பதும், கண்காணிப்பின்றி நடக்கும் அன்றாட வைத்தியமே அதற்குரியது என்பதும் விளங்கும்.

வேக மூச்சின் வலையில் விழும் மற்றொரு கூட்டம் இழுப்புக்காரக் குழந்தைகள். மூச்சுக்குழல் சுருங்கி மூச்சை வெளிவிடும்போது சீழ்க்கையடிக்கும் இக்குழந்தைகளுக்கு வேண்டியது குழலை விரிக்கும் மருந்து. அது இன்ஹேலர் என்ற உறிஞ்சியின் மூலம் நுரையீரலுக்கே நேரே போவதுதான் சிலாக்கியம். ஆனால் சிறு குழந்தைக்கு உறிஞ்சியை அழுத்தும் கணத்தில் மூச்சை இழுக்கத் தெரியாது. இடையில் மருந்தைத் தேக்கி வைக்க ஒரு குடுவை வேண்டும். அதன் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகாது. கேப் டவுனில் ஹெதர் ஸாரும் சகாக்களும் சாதாரண 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு உறிஞ்சியைப் பொருத்தி, இடைவெளியை அடைத்து, விலை கொடுத்து வாங்கிய குடுவையோடு ஒப்பிட்டுப் பரீட்சித்து, பயனில் பேதமில்லை என்று 1999இல் நிரூபித்தார்கள். குளிர்பானம் குடித்து எறியும் பாட்டில் ஒரு வைத்திய உபகரணமாயிற்று. நம் வீடுகளிலோ, பம்ப் அடித்தால் பிள்ளை அதற்கே அடிமையாகிவிடும் என்ற வீண் பயத்தால், ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும் சிரப்பை மாதக்கணக்கில் புகட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டில் கதை இன்னொன்றும் உண்டு. அது டாக்காவில் நடந்தது. வயிற்றுப்போக்கு ஆராய்ச்சிக்குப் பெயர்போன அங்குள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தின் முகமது ஜோபாயர் சிஸ்தி என்ற வைத்தியர், பயிற்சிக் காலத்தில் தம் கண்ணெதிரே நிமோனியாவால் குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாமல், விலையுயர்ந்த செயற்கைச் சுவாச யந்திரத்துக்கு மாற்றுத் தேடினார். குழந்தை மூச்சை விடும் குழாயின் நுனியை நீர் நிரம்பிய ஷாம்பு பாட்டிலுக்குள் அமிழ்த்திவிட்டால், வெளியேறும் காற்று நீரின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு குமிழிகளாக எழ வேண்டியிருப்பதால், நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே நிற்கின்றன. 2015இல் வெளியான அவருடைய பரீட்சையில், இம்முறையில் சிகிச்சை பெற்ற 79 குழந்தைகளில் மூவர் இறந்தனர். வழக்கமான முறையில் சிறு ஓட்டமாகப் பிராணவாயு பெற்ற 67 பேரில் பத்துப் பேர். இந்தச் செய்தியைக் கேட்டு மனம் நெகிழ்ந்து நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரிந்ததாகும். இதே தத்துவத்தில் அமைந்த கருவியை மலாவியின் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், டாக்டர் அன்றாடம் மேற்பார்வை செய்ய இல்லாத நிலைமையில், நோய் முற்றிய குழந்தைகளுக்குப் பரீட்சித்தபோது, அம்முறையில் 17 சதவீதமும் சாதாரணப் பிராணவாயு முறையில் 11 சதவீதமும் இறந்ததாக 2019இல் அறிக்கை வந்தது. தத்துவம் அதேதான். டாக்காவில் இருந்த கண்கள் மலாவியில் இல்லை. கருவியை இறக்குமதி செய்வது சுலபம். அதைக் கண்ணிமைக்காமல் பார்த்திருக்கும் செவிலியை இறக்குமதி செய்ய முடியாது.

பிராணவாயு யாருக்கு வேண்டும் என்று அறிவதற்கும் ஒரு சாதனம் வந்துவிட்டது. விரலில் கவ்வ வைத்து, ரத்தத்தின் சிவப்பை ஒளியால் அளந்து, பிராணவாயுவின் அளவைச் சொல்லும் ஆக்ஸிமீட்டருக்குரிய தத்துவத்தை 1974இல் வெளிக்கொணர்ந்தவர் ஜப்பானிய எந்திரவியலாளர் டாகுவோ அயோயாகி. கொரோனாக் காலத்தில் நம் ஜனங்கள் காய்கறிக் கடை வரை அதைத் தூக்கிச் சென்றார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, பப்புவா நியூ கினியின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் அதையும், காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் யந்திரத்தையும் வைத்து, நிமோனியாக் குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 4.97இலிருந்து 3.22ஆக இறங்கியதை டிரெவர் டியூக் குழுவினர் 2008இல் காட்டிவிட்டனர். நீலம் பாரித்த உதட்டைக் கண்டு பயப்படுவது பழைய வழி. உதடு நீலமாவதற்கு முன்பே அபாயத்தை அறிவது இந்த வழி.

நோய் வராமல் தடுப்பதில் நம் ராஜ்யம் பின்தங்கியதன்று. நிமோனியாவுக்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றான ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தேசத்திலேயே முதலாவதாக 2011 டிசம்பரில் கொண்டுவந்த ராஜ்யங்கள் தமிழ்நாடும் கேரளமும். நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் 2021 முதல் இங்கே அரசாங்கச் செலவில் போடப்படுகிறது. ஊசி போடுவதில் காட்டிய சிரத்தையை எண்ணுவதில் நாம் காட்டவில்லை என்பதே என் குறை. நூற்றுக்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், குழந்தையின் பெயரைக் கேட்பதற்கும் சீட்டு எழுதுவதற்கும் சேர்த்தே ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை. சட்டையைத் தூக்கிப் பார்க்காமலே இருமலுக்கு ஒரு சிரப், ஜுரத்துக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆன்டிபயாட்டிக் என்று சீட்டு நிறைகிறது. மருந்துக் கடையிலோ அந்தச் சீட்டும் தேவைப்படுவதில்லை.

சிறு குழந்தைகளின் சளிக்கும் இருமலுக்கும் கடைச் சிரப்புகளால் குறிப்பிடத்தக்க நன்மை உண்டு என்று ஆராய்ச்சி காட்டியதில்லை; நாலு வயதுக்குட்பட்டோருக்கு குறிப்பிட்ட ஒரு கூட்டுமருந்தைக் கொடுக்கலாகாது என்று மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023இல் எச்சரித்திருக்கிறது. தீமையோ அவ்வப்போது கோரமாகவே வெளிப்படுகிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சிறுநீரகம் பழுதாகச் செய்து கொன்ற இருமல் மருந்து, டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்தது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்தது தானே தீரக்கூடிய சளியும் காய்ச்சலும்தான். மருந்தே வேண்டாத நோயை மருந்து வேண்டிய நோயிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு நிமிஷத்தைச் செலவிட மனமில்லாத சமூகம், அதற்குப் பதிலாக என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே அரசாங்கத்துக்கு நான் வைக்கும் விண்ணப்பம் சிறியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருமலோடு வரும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் சீட்டிலும் மருந்தின் பெயருக்கு முன்னால் மூச்சின் எண்ணிக்கையை எழுதியே ஆக வேண்டும் என்று ஓர் உத்தரவு பிறக்கட்டும்; எண்ணுவதற்கென்றே ஒரு செவிலி, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், குழந்தை விரலுக்கு ஏற்ற ஓர் ஆக்ஸிமீட்டர் இருக்கட்டும். எண் எழுதப்படாத சீட்டுக்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது என்றும் ஆகட்டும்.

பெற்றோர்க்கும் பாட்டிமார்க்கும் ஒரு வார்த்தை. இன்றிரவு உங்கள் வீட்டுக் குழந்தை இருமினால், அது உறங்கிய பிறகு விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணை எட்டினாலும், நெஞ்சின் அடிப்பாகம் குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வலிப்புக் கண்டாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.